நேரசூசி போட்டுப் போன முந்திரிகைத் தோட்டங்கள்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி அழைத்தான். சுகம் விசாரிக்கவில்லை.

"அண்ணை, நீங்களும் அண்ணியும் வைன் குடிக்கிறதுக்கெண்டே ரெண்டு நாள் சுற்றுலா போனனீங்களாம். உண்மையே?"

"ஆர் சொன்னது?"

"ஆரோ சொன்னது. போனனீங்களோ இல்லையோ?"

"போனனாங்கள்."

தம்பி, "குளிருக்கு நல்லதுதான்" என்றான்.

சண்டை முடிந்து பாதை திறந்ததிலிருந்து ஊர்ச் செய்தி இங்கே வருவதைவிட எங்கள் செய்தி ஊருக்குக் கெதியாகப் போகிறது. மொன்றியலில் நான் இருமினால் கொழும்புத்துறையில் யாராவது கொத்தமல்லி அவிக்கிறார்கள். தம்பியைக் குறை சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், கோவில் காரியங்களில் முன்னுக்கு நிற்கிற ஒருவன், மனைவியையும் கூட்டிக்கொண்டு வைன் வடிக்கிற தோட்டம் தோட்டமாகப் போனான் என்றால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். தொலைபேசியில் அவனுக்குச் சொல்ல முடியாததை எழுதுகிறேன். போய் வந்து இரண்டு கிழமையாகிறது. இன்னும் ஓரிடத்தில் இருந்து ஒரு தேத்தண்ணியைக் குடித்து முடிக்க முடியவில்லை. எழும்பி யன்னலடிக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், தேத்தண்ணி ஆறிவிடுகிறது.

நாங்கள் இங்கே வந்து பதினாறு வருடம். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்தவன் நான். இங்கே புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் என்ன வந்தது, என்ன போனது என்று கணினியில் பதிகிறேன். மனைவி றெஜினாவுக்கு அஹுன்ட்சிக்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கார்டெரியில், அதாவது வேலைக்குப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தில், சமையல் வேலை. பிரெஞ்சு அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் படித்தது. டிலானி எங்களுக்கு ஒரே பிள்ளை. வரும்போது ஆறு வயது.

இந்த மாசி மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து டிலானியின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. நான் திறந்தேன். அது பிழை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் கடிதம் என்றால் அது வீட்டுக்கு வந்தது, மேலே யாருடைய பெயர் இருந்தால் என்ன. கணக்கியல் படிப்பிலிருந்து அவள் போன புரட்டாதியிலேயே விலகிவிட்டாள் என்றும், ஏதோ ஓர் அட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது.

புரட்டாதி முதல் மாசி வரை அவள் ஒவ்வொரு நாளும் விடிய ஏழரைக்குப் புத்தகப் பையோடு புறப்பட்டவள். றெஜினா ஐந்தரைக்கு எழும்பி அவளுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள்.

பின்னேரம் அவள் வந்து சாப்பாட்டு மேசையில் இருந்ததும் கடிதத்தை முன்னால் வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில்தான் எனக்குக் கோபம் ஏறியது. "பொய்க்காரியளுக்கு இந்த வீட்டிலை சோறில்லை" என்றேன். கை கழுவிவிட்டு, சோற்றைப் பிசைய இருந்த பிள்ளையிடம்.

மறுநாள் நான் வேலையால் வந்தபோது அவளுடைய கட்டில் விரித்தபடி இருந்தது. பெரிய பையும் குளிர்ச் சப்பாத்தும் இல்லை.

2

ஏழு மாதத்தில் தாயோடு இரண்டு தரம் தொலைபேசியில் கதைத்தாள். இலக்கம் தெரியாதபடி எடுத்தாள். சுகமாய் இருக்கிறன், வேலை செய்யிறன், தேட வேண்டாம். அவ்வளவுதான். என்னைக் கேட்கவில்லை.

பொலிஸுக்கும் போனேன். மேசையில் இருந்த பெண் பொறுமையாக, எனக்காக ஆங்கிலத்தில் விளக்கினார். வயது வந்தவர், தன் விருப்பத்தில் போனவர், தாயோடு கதைக்கிறார். ஆகையால் இவரைக் காணாமல் போனவர் என்று பதிய முடியாது. ஆறுதலாகத்தான் சொன்னார். ஊரில் அந்தச் சொல்லைப் பதிவதற்காக எத்தனை தாய்மார் எத்தனை வாசல்களில் நின்றார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. என் பிள்ளை அந்தப் பட்டியலில் சேரமாட்டாள் என்பதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெளியே வந்து, காரை எங்கே விட்டேன் என்று அரை மணித்தியாலம் தேடினேன்.

ஆவணி முடிவில், எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த பிலோமினா அக்கா பூசை முடிந்ததும் றெஜினாவின் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனா. வேலைத்தலத்து ஆட்களோடு பஸ்ஸில் டன்ஹம் பக்கம் ஒரு வைன் தோட்டம் பார்க்கப் போனவவாம். அங்கே டிலானியைத் தூரத்தில் கண்டவவாம். கூப்பிட முதல் பஸ் எடுத்துவிட்டார்கள்.

"எந்தத் தோட்டம், அக்கா?" என்று நான் கேட்டேன்.

"பேர் பிரெஞ்சிலை கிடந்தது, தம்பி. சிவப்புக் கூரை."

டன்ஹம் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியால ஓட்டம். அமெரிக்க எல்லைக்குக் கிட்ட, சரிவான மண். சுற்றுலாக்காரருக்கு வைன் தோட்டங்களைக் காட்டும் வரைபடம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தேன். பதினொரு தோட்டங்கள். படங்களில் பார்த்த அளவில் ஏழுக்குச் சிவப்புக் கூரை.

"ஒவ்வொண்டுக்கும் போன் எடுத்துக் கேட்டால் என்ன?" என்றாள் றெஜினா.

"என்னெண்டு கேக்கிறது? வீட்டை விட்டுப் போன பிள்ளை, உங்களிட்டை நிக்கிறாளோ எண்டோ? முதலாளிக்கு முன்னாலை அவளை வெட்கப்படுத்தவோ?"

அது சொன்ன காரணம். சொல்லாத காரணம், நாங்கள் விசாரித்தது தெரிந்தால் அவள் அங்கிருந்தும் போய்விடுவாள் என்ற பயம்.

ஆகவே சுற்றுலாக்காரராகப் போவது என்று முடிவு. ஆனால் ஒரு தோட்டத்துக்குப் போனால் முன் மேசையில் நிற்கிற ஒருவரைத்தான் காணலாம். நாலு விதமான வைனை ருசிபார்க்கத் தருவார்கள், இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும். கொடிகளுக்கு நடுவே வேலை செய்கிறவர்களை எப்படிக் காண்பது? வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தபோது ஒவ்வொரு தோட்டத்தின் பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன மேசை கீறியிருந்தது. வருகிறவர்கள் சாப்பாடு கொண்டுவந்து மரத்துக்குக் கீழ் இருந்து சாப்பிடலாம். பிக்னிக். நாற்பது நிமிடம் இருந்தால் ஒரு தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரு தரமாவது குறுக்கே போவார்கள்.

படவரைஞனின் புத்தி அங்கேதான் வேலை செய்தது. பெரிய தாள் ஒன்றில் பாதைகளைக் கீறி, தூரம் போட்டு, நேரசூசி எழுதினேன். அக்கா சொன்ன நிறத்தை நம்பி மற்ற நாலையும் விட மனமில்லை. சனி ஆறு தோட்டம், ஞாயிறு ஐந்து. பத்து மணி முதலாவது, பதினொன்றே கால் இரண்டாவது, பன்னிரண்டரை மூன்றாவது. ருசிபார்க்க இருபது, பிக்னிக் நாற்பது, ஓட்டம் பதினைந்து.

றெஜினா தாளை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒரு நாளைக்கு ஆறு தரம் ஆர் பிக்னிக் சாப்பிடுறது?"

"சாப்பிட வேண்டாம். விரிச்சு வைச்சிருந்தால் காணும்."

"விரிச்ச சாப்பாட்டைச் சாப்பிடாமல் இருந்து ஆக்களைப் பாத்தால் எங்களைத்தான் பொலிஸிலை குடுப்பினம்."

ஆனாலும் ஆறு பார்சல் கட்டினாள். மீன் கட்லட், சம்பல் பூசின பாண், அவித்த முட்டை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். சனி இரவுக்கு அங்கே ஒரு வீட்டில் அறையும் அவளே பிரெஞ்சில் ஒழுங்கு செய்தாள். ஏதும் விசேஷமா என்று அந்த வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள். கலியாண நாள் என்று சொல்லிவிட்டாள். எங்கள் கலியாண நாள் வைகாசியில்.

3

சனிக்கிழமை பாலம் தாண்டிப் பத்தாம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறும் வரைக்கும் நான் மூன்று தரம் நேரசூசியைக் கேட்டேன், அவள் மூன்று தரமும் என் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினாள். புரட்டாதி முடிகிற நேரம். மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. வடிவாகத்தான் இருந்திருக்கும். நான் பார்த்தது முன்னால் போன காரின் இலக்கத் தகட்டை.

முந்திரிகை, அதாவது திராட்சை, எங்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் பந்தல் போட்டு, தலைக்கு மேல் குலை தொங்க வளர்த்தது தெரியும். இங்கே கொடி இடுப்பளவு. கம்பிகளில் கட்டி, நேர்கோட்டில், வரிசை வரிசையாக. நல்ல படவரைஞன் ஒருவன் கீறியது போல. குருவி கொத்தாமல் மேலே வலை.

முதலாவது தோட்டத்தில் தாடி வைத்த ஒரு மனிதர். சின்னக் கண்ணாடிக் குவளையில் ஒரு வாய் அளவு ஊற்றினார். பக்கத்தில் ஒரு வாளி இருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற இருவரும் வைனை வாயில் அளைந்து, வாளிக்குள் துப்பினார்கள். றெஜினா என்னைப் பார்த்தாள். நான் விழுங்கினேன். ஒருவர் தன் கையால் செய்து, தன் கையால் ஊற்றித் தந்ததை அவருடைய முகத்துக்கு முன்னால் துப்புவது எப்படி? றெஜினா உதட்டில் தொட்டுவிட்டு வைத்தாள். அவள் வைத்ததையும் அவர் மனம் நோகாமல் நானே குடித்து, 'மெர்சி' என்று நன்றியும் சொன்னேன்.

பிக்னிக் மேசையில் நாற்பது நிமிடம். நாலு பேர் குறுக்கே போனார்கள். டிலானி இல்லை.

இரண்டாவது தோட்டத்தில் ஒரு வயதான அம்மா, நாலு விதம். விழுங்கினேன். மேசை. ஒரு நாய் கட்லட்டுக்காக வந்து நின்றது. டிலானி இல்லை. மூன்றாவதில் ஐந்து விதம். கடைசியாக ஒன்று, பழம் கொடியிலேயே உறைந்த பிறகு பிழிந்தது, தேன் மாதிரி. இரண்டு பேருடைய பங்கையும் குடித்தேன். நான் குடிக்காதவன் இல்லை. நத்தார் பண்டிகைக்கு ஒன்றிரண்டு, அதுவும் டிலானி படுத்த பிறகு குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு. மத்தியான வெயிலில் மூன்று மணித்தியாலத்துக்குள் இருபதுக்கு மேல் குவளை குடித்தது அதுதான் முதல் தரம்.

மூன்றாவது பிக்னிக் மேசையிலிருந்து எழும்பியபோது நான் இருந்த மர வாங்கும் என்னோடு எழும்பியது போல இருந்தது.

"கார்த் திறப்பைத் தாங்கோ" என்றாள் றெஜினா.

"எனக்கு ஒண்டுமில்லை."

"அந்த மரத்துக்கு ரெண்டு தரம் 'மெர்சி' சொன்னனீங்கள். திறப்பு."

அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. கார்டெரிக்கும் கோவிலுக்கும் கடைக்கும் ஓட்டுவாள். நெடுஞ்சாலை ஓட்டமாட்டாள், எதிரே வாகனம் வருகிற ரோட்டில் இடது பக்கம் திரும்பவே மாட்டாள். நாலாவது தோட்டத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும்.

"இதிலை இடது" என்றேன்.

"ஏலாது. லொறி வருது."

"போனாப்பிறகு திரும்புமன்."

"அதுக்குப் பின்னாலையும் ஏதும் வரும்."

நேரே போனாள். அடுத்த சந்தியிலும் நேரே. நேரசூசி என் மடியில் கிடந்து ஒவ்வொரு நிமிடமாகப் பழுதாகிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் அமெரிக்காவுக்குத்தான் போவோம் என்று சொன்னேன். அவள் வலது பக்கம் வந்த முதல் வாசலுக்குள் காரைத் திருப்பி நிற்பாட்டினாள். நெற்றியைத் துடைத்தாள்.

வாசலில் இருந்த பெயரை வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் மூன்றாவது. கூரை சாம்பல் நிறம்.

4

உள்ளே முன் மேசையில் ஒரு வயதான தம்பதி. அவர்களுக்கு அந்தப் பக்கம், பச்சை ஏப்ரன் கட்டிக்கொண்டு, தலைமயிரைக் காதளவு வெட்டி, ஒரு போத்தலை வெளிச்சத்துக்குச் சரித்துக் காட்டிக்கொண்டு டிலானி நின்றாள்.

எங்களைக் கண்டாள். "பொன்ஜூர்" என்றாள். வருகிற எல்லோருக்கும் சொல்கிற பொன்ஜூர். பிறகு தம்பதியிடம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அந்தப் பிரெஞ்சு நான் கேட்டிராத பிரெஞ்சு. தட்டாமல், யோசிக்காமல், சிரித்துக்கொண்டு. அவள் குரல் ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது. தாய்க்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரிந்திருக்கும்.

றெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் இறங்கியது.

நான் வந்தது ஒன்றைச் சொல்ல. ஏழு மாதமாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். நல்ல சட்டை போட்டு, சவரம் செய்து, நிதானமாக நின்று சொல்ல வந்தவன். இப்போது வாயைத் திறந்தால் வைன் மணக்கும். பிள்ளை எதை ஒரு நாளும் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தினேனோ, அதோடு வந்து அவளுக்கு முன்னால் நிற்கிறேன்.

எனக்கு இருபத்தாறு வயதில், திணைக்களத்து நண்பர்களோடு ஒரு கள்ளுத் தவறணைக்குப் போனேன். மூலை வாங்கில் ஐயா, என் தகப்பன், இருந்தார். அவர் என்னைக் கண்டார், நான் அவரைக் கண்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். நான் பின்வாசலால் போய்விட்டேன். வீட்டில், "ஏன் பிந்தினது?" என்று கேட்டார். "வேலை" என்றேன். "ம்" என்றார். சாகும்வரை அதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. அதை மரியாதை என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். இங்கே எனக்குப் பின்வாசலும் இல்லை, அவளுக்குச் சுவரும் இல்லை. எங்களுக்கு நடுவில் ஒரு மேசைதான்.

வயதானவர்கள் ஒரு போத்தலைத் தெரிந்தெடுக்கப் பக்கத்து அலுமாரிக்குப் போனார்கள். டிலானி எங்களுக்கு முன்னால் இரண்டு குவளை வைத்தாள். பிரெஞ்சில், "எத்தனை தோட்டம் பார்த்தீர்கள்?" என்று கேட்டாள். மூன்று விரலைக் காட்டினேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள். கீழே குனிந்து ஒரு பெரிய கிளாஸில் தண்ணீர் நிரப்பி என் பக்கம் தள்ளினாள். அதற்குப் பிறகு குவளைகளில் வெள்ளை வைன் ஊற்றினாள். அவளுடைய வேலை அது. என் பிள்ளை எனக்கு ஊற்றினாள்.

வாயில் வைத்துவிட்டேன். வேறென்ன செய்வது?

டிலானி மேசையைத் துடைக்கிற மாதிரிக் கிட்ட வந்து, தாழ்ந்த குரலில், தமிழில் சொன்னாள்:

"அப்பா, விழுங்க வேண்டாம். வாளிக்கை துப்புங்கோ."

வாயில் வைனோடு தலையாட்டினேன், ஏலாது என்று. பிறகு அதை விழுங்கிவிட்டு, "தந்த ஆக்களுக்கு மரியாதை இல்லை, பிள்ளை" என்றேன்.

"தாறது நான்." இன்னொரு வாய் ஊற்றினாள். "இப்ப துப்புங்கோ."

குனிந்து துப்பினேன். றெஜினா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சிரித்தாளா, அழுதாளா என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன் என்கிறாள்.

"மூண்டரைக்கு எனக்கு இருவது நிமிசம் இருக்கு" என்றாள் டிலானி. "வெளியிலை மேசையிலை இருங்கோ."

5

மிச்சமிருந்த மூன்று பார்சலையும் றெஜினா ஒரேயடியாகப் பிரித்து வைத்தாள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். மூன்றரைக்கு டிலானி வந்தாள். இருக்கவில்லை. வாங்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மெலிஞ்சு போனாய்" என்றாள் தாய்.

"இல்லையம்மா. பெட்டி தூக்கித் தூக்கித் தசை வைச்சிருக்கு. பிடிச்சுப் பாருங்கோ."

"தலைமயிர்?"

"வலையிலை சிக்குது. வெட்டிப்போட்டன்."

"எங்கை இருக்கிறாய்?"

"இங்கைதான் மேலை. ரெண்டு பெட்டையளோட. நல்லவை." எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் வந்தனீங்கள்?"

"கலியாண நாள்" என்றாள் றெஜினா. வாய் பழகிவிட்டது.

"வைகாசியிலை எல்லே?"

தேத்தண்ணிப் போத்தலுக்குக் கீழே நேரசூசி கிடந்தது. டிலானி அதை இழுத்து எடுத்து வாசித்தாள். இரண்டு பக்கமும் வாசித்தாள்.

"ஆறு பிக்னிக்கோ?"

"சனி ஆறு. ஞாயிறு அஞ்சு" என்றேன்.

"ஏன்?"

"இருந்து பாக்க."

"என்னத்தை?"

"ஆர் ஆர் வேலை செய்யினம் எண்டு."

அவள் தாளை மடித்தாள். திரும்பவும் மடித்தாள். சின்னதாக வரும்வரை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் வாங்கில் இருந்தாள்.

"அந்தக் கடிதத்தை நான் திறந்தது..." என்று தொடங்கினேன்.

"கடிதம் இல்லையப்பா. அதை நானே காட்டியிருக்க வேணும். வகுப்பிலை இருந்தால் எனக்கு மூச்சு வராது. சொல்லப் பயம், சொல்லேல்லை. அது என்ரை பிழை." மேசையில் இருந்த கட்லட்டைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள். "சோறில்லை எண்டனீங்கள். அம்மா கட்டித் தந்ததை நான் ஒரு நாளும் எறியேல்லை. மெட்ரோவுக்கை இருந்து சாப்பிட்டனான். வாசிகசாலைப் படியிலை இருந்து சாப்பிட்டனான். கை விறைக்க விறைக்கப் பார்க்கிலை இருந்து சாப்பிட்டனான். சோத்துப் பெட்டி கழுவித்தான் வீட்டை கொண்டு வந்தனான்."

றெஜினா கண்ணை மூடினாள்.

பாடமாக்கியதை நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் தலைக்குள் இன்னும் மூன்று தோட்டத்து வைன் இருந்தது. குடித்தவன் கேட்கிற மன்னிப்பு ஊரில் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். விடிந்தால் அதற்குப் பெறுமதி இல்லை. அவளும் அதை அப்படித்தான் எடுப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் மௌனத்தை அவள் எப்படி வாசித்தாளோ தெரியாது, எழும்பிவிட்டாள்.

"சாப்பிடன், பிள்ளை" என்றாள் றெஜினா.

"பேந்து சாப்பிடுறன்."

கட்டடத்திலிருந்து முதலாளி அம்மா கூப்பிட்டா. டிலானி இரண்டடி போய், திரும்பி, தாயைப் பார்த்துச் சொன்னாள்:

"நாளைக்கு விடிய ஏழு மணிக்குப் பழம் வெட்டுறம். ஆக்கள் காணாது. வாறதெண்டால் வாங்கோ. பழைய உடுப்புப் போடுங்கோ." பிறகு என்னைப் பார்த்தாள். "வைன் தரமாட்டினம்."

6

தம்பிக்கு முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அவள் எங்களோடு வரவில்லை. ஞாயிறு பின்னேரம் நானும் றெஜினாவும்தான் பாலத்தைத் தாண்டி வந்தோம். கார்த்திகை வரை அங்கே வேலை இருக்கிறதாம். பனி கொட்ட முதல் ஒவ்வொரு கொடியின் அடியையும் மண் போட்டு மூட வேண்டுமாம், இல்லாவிட்டால் இந்த நாட்டுக் குளிரில் பட்டுவிடுமாம். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டதற்கு, "பேந்து பாப்பம்" என்றாள். றெஜினாவிடம் ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது. என்னிடம் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சொல்ல வேண்டியது ஞாயிறு விடியற்காலை. இங்கே வந்த பதினாறு வருடத்தில் நாங்கள் தவறவிட்ட முதலாவது ஞாயிறு பூசை அது. இரவு நான் படுக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆறே முக்காலுக்குத் தோட்டத்தில் நின்றோம். புல்லெல்லாம் வெள்ளை. மூச்சு புகைந்தது. முதலாளி அம்மா எங்களுக்குக் கையுறையும் சின்னக் கத்தரிக்கோலும் தந்து, டிலானியிடம் ஏதோ கேட்டா. அவள் சொன்ன பதிலில் எனக்கு விளங்கியது 'என் பெற்றோர்' என்ற ஒன்று மட்டும்.

ஒரு வரிசைக்கு இரண்டு பேர். ஆளுக்கொரு பக்கம், ஒரே வேகத்தில் போக வேண்டும். இந்தப் பக்கத்து ஆளுக்கு இலை மறைக்கிற குலை அந்தப் பக்கத்து ஆளுக்குத் தெரியும். தன் பெட்டியைத் தானே காலால் தள்ளிக்கொண்டு போவது. றெஜினாவை ஒரு கிழவரோடு விட்டார்கள். அவள் அவரோடு அரை நிமிடத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டாள். டிலானி ஒரு வரிசையைக் காட்டி, "அப்பா, நீங்கள் இந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனாள்.

கொடிக்கு நடுவால் அவளுடைய முகம் தெரியவில்லை. கை மட்டும் வந்து வந்து போனது. அந்தக் கை என்னுடையதைவிட நாலு மடங்கு வேகம். எனக்காக அடிக்கடி நின்றது.

பத்துப் பதினைந்து கொடி தாண்டியிருப்போம்.

"பிள்ளை."

"ம்."

"குடிச்சிட்டுச் சொல்லக்கூடாது எண்டுதான் நேற்று சொல்லேல்லை."

கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"சோறில்லை எண்டது பிழை. கோபத்திலை சொன்னதெண்டு சொல்லமாட்டன். சொல்லேக்கை எனக்குத் தெரியும், அது உனக்கு நோகும் எண்டு. நோகட்டும் எண்டுதான் சொன்னனான்." பாடமாக்கியதில் இது இருக்கவில்லை. பாடமாக்கியது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. "நீ படி, படிக்காமல் விடு. வா, வராமல் விடு. அந்தச் சொல்லை நான் திருப்பி எடுக்கிறன்."

மேலே வலையில் ஒரு குருவி வந்து குந்திப் பறந்தது. பக்கத்து வரிசையில் றெஜினாவின் குரல் கேட்டது, கிழவருக்கு எதையோ கார்டெரிப் பிரெஞ்சில் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் கையில் பிடித்த குலையை வெட்டவும் இல்லை, விடவும் இல்லை.

கத்தரிக்கோல் திரும்பத் தொடங்கியது.

"அப்பா."

"என்ன, பிள்ளை?"

"கீழை ஒரு குலை விட்டிட்டீங்கள்."

குனிந்து பார்த்து வெட்டினேன்.

"அதில்லை. மற்றது."

அதையும் வெட்டினேன். அவளுடைய மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. குளிராகவும் இருக்கலாம். வரிசை முடியும்வரை அவள் இரண்டு தரம் இருமினாள், நான் ஒரு தரம் விரலை வெட்டிக்கொண்டேன், சொல்லவில்லை.

வரிசையின் முடிவில் இடுப்பு நிமிர மறுத்தது. கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு நின்றேன். இதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை, இவ்வளவு காணும் என்று அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். டிலானி வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நிரம்பிய பெட்டிகள் இரண்டையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். கையில் இரண்டு வெறும் பெட்டி இருந்தது. ஒன்றைத் தன் காலடியில் போட்டாள். மற்றதைக் கொடிக்குக் கீழால் அந்தப் பக்கத்துக்குத் தள்ளி விட்டு, வெட்டத் தொடங்கினாள்.